பள்ளத்தூர் வீட்டில் ஓடு மாற்றும் வரை காரைக்குடியில் மூன்று மாத வாடகை வீடு: எந்தப் பகுதி, யாரைக் கேட்பது?

பள்ளத்தூர் மகள்:

வணக்கம். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதத்துக்கு மட்டும் காரைக்குடிக்குள் ஒரு வீடு வாடகைக்கு வேண்டும். பள்ளத்தூரில் எங்கள் பெரிய வீட்டில் நாட்டு ஓடு முழுவதையும் பிரித்து, உளுத்துப்போன கட்டைகளை மாற்றி, வளவை (நடு முற்றத்தை) சுற்றியிருக்கும் தாழ்வாரக் கூரையையும் சரிசெய்யப் போகிறோம். பங்காளிகள் எல்லாப் புள்ளியும் (வீட்டில் பங்குள்ள ஒவ்வொரு குடும்பமும்) சம்மதித்துப் பணம் போட்டிருக்கிறார்கள், இந்த வருஷத்தை விட்டால் மறுபடி அத்தனை பேரையும் ஒருசேரப் பிடிக்க முடியாது, ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே ஓடு ஏறியாக வேண்டும்.

அம்மாவுக்கு 78 வயது. முழங்கால் வலி, தூசி பட்டால் மூச்சிரைப்பு. பழைய ஓட்டையும் சுண்ணாம்பையும் தட்டி இறக்குகிற இடத்தில் அவரை வைத்திருக்க முடியாது. சென்னைக்குக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார், வேலை நடக்கும்போது அடிக்கடி வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டுமாம். அதனால் நானும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே வந்து கூட இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

வேண்டியது கீழ்த்தளம் (அல்லது லிப்ட்), வெஸ்டர்ன் கழிவறை, நல்ல தண்ணீர், நிலையான இணையம், ராத்திரியில் ஏதாவது என்றால் மருத்துவமனைக்குச் சீக்கிரம் போகிற இடம். வாடகை 12,000 வரை கொடுக்கலாம். புரோக்கர்களிடம் போனில் பேசினால் எல்லோரும் '11 மாதத்துக்குக் குறைந்து யாரும் தர மாட்டார்கள்' என்கிறார்கள். ஒருவர் மூன்று மாதத்துக்கே பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். நாள் கணக்கில் விடுகிற ஹோம்ஸ்டே எல்லாம் சுற்றுலா வருபவர்களுக்கான விலை, மூன்று மாதத்துக்குக் கட்டுப்படியாகாது.

கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு பழைய வளவு வீட்டில் இரண்டு அறையும் அடுப்படியும் தருவதாகத் தெரிந்தவர் மூலம் வந்திருக்கிறது. வாடகை மிகக் குறைவு. அதை எடுக்கலாமா? எந்தப் பகுதி சரியாக வரும்?

செக்காலைக்காரர்:

தங்கச்சி, முதலில் புரோக்கர் பேச்சை ஓரமாக வையுங்கள். மூன்று மாதத்துக்கு வீடு கிடைக்காது என்பது உண்மை இல்லை. டூ-லெட் பலகை தொங்குகிற வீடுகளில் கிடைக்காது, அவ்வளவுதான். பலகை போட்டவர் வருஷக்கணக்கில் இருக்கிற குடும்பத்தை எதிர்பார்த்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவை ஆள் மாறும்போதும் வெள்ளையடிக்க வேண்டும், புரோக்கருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும், நடுவில் ஒன்றிரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும். மூன்று மாதத்துக்காக இதையெல்லாம் அவர் ஏன் செய்வார்?

நீங்கள் தேட வேண்டியது வேறு வகை வீடு. நம் ஊரில் அடுக்குமாடியில் பிளாட் வாங்கிப்போட்டுவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் நிறையப் பேர். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு), கோயில் காரியம் என்று வந்தால் தங்குவதற்காக வாங்கியது. உள்ளே கட்டில், பிரிட்ஜ், அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கும். வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டித்தான் கிடக்கும். அவர்கள் வாடகைக்கு விடுவதில்லை, ஏனென்றால் விட்டால் தை மாதம் வரும்போது தங்க இடம் இருக்காது. ஆனால் புரட்டாசியோடு காலி செய்துவிடுவார்கள், தெரிந்த குடும்பம், வயதான அம்மாவும் மகளும் மட்டும் என்றால் பல பேர் சந்தோஷமாகச் சாவியைக் கொடுப்பார்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டில் மோட்டார் இறுகிப்போகும், குழாய் துருப்பிடிக்கும், கழிவறைக் கோப்பையில் தண்ணீர் வற்றிப்போய்ச் சாக்கடை நாற்றம் மேலே ஏறும், கரையான் வந்தால்கூட யாரும் பார்க்க மாட்டார்கள். வீட்டில் ஆள் புழங்குவது அவர்களுக்கும் நல்லது.

இந்த மாதிரி வீடு இணையத்தில் வராது. அந்தந்தத் தெருவில் இஸ்திரி போடுபவர், மளிகைக் கடைக்காரர், பிளாட்டில் வாட்ச்மேன், குறிப்பாகத் தண்ணீர் கேன் போடுகிற பையன், இவர்களுக்குத் தெரியும். எந்த வீட்டுக்குக் கேன் போகவில்லை, அந்த வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேன் போடுபவர் உடனே சொல்லிவிடுவார். நகரத்தாரில் உங்கள் குலக்கோயில் வழிச் சொந்தத்திலும் சொல்லிவையுங்கள். இளையாத்தங்குடியோ மாத்தூரோ வைரவன்பட்டியோ, உங்கள் கோயிலைச் சேர்ந்த யாராவது ஒருவருக்குக் காரைக்குடியில் பூட்டிய பிளாட் இருக்காமல் போகாது.

பகுதி என்று கேட்டால் சுப்பிரமணியபுரம் அல்லது செக்காலையின் உள் வீதிகள். சமதளமான தெரு, மருந்துக்கடை, டாக்டர் எல்லாம் பக்கம், கூப்பிட்டால் ஆட்டோ வந்துவிடும். 100 அடி ரோட்டை ஒட்டி வேண்டாம், சாயங்காலம் ஆனால் வண்டி இரைச்சல், அம்மா தெருவைக் கடக்கவே சிரமப்படுவார். கழனிவாசல் பக்கம் புது வீடுகள் நிறைய, வசதியாகவும் இருக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் வண்டி எடுக்க வேண்டும்.

இன்னொன்று. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், வீட்டுக்காரரும் விரும்ப மாட்டார். ஆனிக் கடைசிக்குள் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிச் சாவியை வாங்கிவிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் வாடகை கூடுதலாகப் போனால் போகட்டும்.

கல்லூரிச் சாலை:

அக்கா, நான் சிக்ரி ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்கிறேன். எங்களைப் போல ஆறு மாதம், மூன்று மாதம் என்று வருகிறவர்கள் எப்போதும் இருப்பதால் அழகப்பா பல்கலைக்கழகம், கல்லூரிச் சாலைப் பக்கம் குறைந்த காலத்துக்கு வீடு கொடுக்கிற பழக்கம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் மாடி, ஒற்றை அறை, செங்குத்தான படிக்கட்டு. அம்மாவுக்குச் சரிவராது. சித்திரை, வைகாசியில் படிப்பு முடிந்து காலியாகிற கீழ்வீடுகள் சில உண்டு, ஆனி பிறந்தால் புது அட்மிஷனுக்கு வருகிறவர்கள் பிடித்துவிடுவார்கள். பார்ப்பதென்றால் இந்த வாரமே பாருங்கள்.

இணையம் பற்றி: வீட்டுக்காரர் 'பைபர் வரும்' என்று சொன்னால் அதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் எந்த இணைப்பு, மழை நாளில் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்கிறார்கள் என்று கேளுங்கள். மாதாமாதம் பராமரிப்புக்கு என்று காலையிலிருந்து மத்தியானம் வரை மின்தடை அறிவிப்பார்கள். வேலை நாளில் வரும். இன்வெர்ட்டர் இருக்கிற வீடாகப் பாருங்கள், மோடத்துக்கும் அதிலிருந்து லைன் இருக்கிறதா என்று ஒருமுறை மெயினை அணைத்துப் பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் ஃபேன், லைட்டுக்கு மட்டும்தான் கொடுத்திருப்பார்கள்.

சுப்பிரமணியபுரம் வீட்டுக்கார அம்மா:

வாடகைக்கு விடுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். வீட்டுக்காரர்களுக்கு மூன்று மாதம் என்பதில் பயம் இல்லை, மூன்று மாதம் என்று சொல்லி வந்தவர் காலி செய்ய மாட்டாரோ என்பதுதான் பயம். எங்கள் தெருவிலேயே பையன் கல்யாணம் முடிகிற வரை என்று வந்த ஒரு குடும்பம் கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளை பிறந்த பிறகும் போகவில்லை. நீங்கள் வீடு பார்க்கப் போகும்போது அந்தப் பயத்தை முதலில் நீக்கிவிட்டால் பேச்சு சுலபமாகிவிடும். ஓடு மாற்றுகிற விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பள்ளத்தூரில் எந்தத் தெரு, யார் வீடு என்று சொல்லுங்கள், இங்கே விசாரித்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும், அதுவே உங்களுக்கு ஜாமீன். மூன்று மாத வாடகையையும் முன்கூட்டியே மொத்தமாகத் தருகிறேன், அட்வான்ஸ் ஒரு மாதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் நானாக இருந்தால் ஒத்துக்கொள்வேன்.

செக்காலைக்காரர் அண்ணன் புரோக்கரே வேண்டாம் என்கிற மாதிரிச் சொல்கிறார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளியூரிலிருந்து வருகிற பெண் தெருத்தெருவாக இஸ்திரிக்காரரைத் தேடிக்கொண்டு இருக்க முடியுமா? நல்ல புரோக்கர் ஒருவர் இருந்தால் ஒரே நாளில் நாலைந்து வீட்டைக் காட்டிவிடுவார். ஆனால் வருஷ வாடகைக்கு வாங்குகிற ஒரு மாதக் கமிஷனை மூன்று மாதத்துக்குக் கொடுக்காதீர்கள், பாதி என்று முதலிலேயே பேசிவிடுங்கள், வீட்டைப் பார்த்த பிறகு பேசினால் எடுபடாது. போட்டோ அனுப்பி, இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், டோக்கன் போடுங்கள் என்று அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய் போடக் கூடாது. வீட்டுக்குள் நின்று, வீட்டுக்காரரிடம் பேசி, பிறகுதான் பணம்.

வேலை மூன்று மாதத்தில் முடியாது, நான் எழுதித் தருகிறேன். ஓட்டைப் பிரித்த பிறகுதான் எந்தக் கட்டை உளுத்திருக்கிறது என்று தெரியும், ஆவணி புரட்டாசியில் சாயங்கால இடிமழை வேறு நடுவில் நிறுத்தும், சுண்ணாம்புப் பூச்சை அவசரப்படுத்தவும் முடியாது. நாலாவது மாதம் தேவைப்பட்டால் இதே வாடகைக்கு இருக்கலாம், அதை இத்தனாம் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் வருகிற வீடாக இருந்தால் ஐப்பசியில் உங்களைக் கிளப்பியே தீருவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரம் எழுதுபவர்:

வீட்டுக்கார அம்மா சொன்னது எல்லாம் சரி. எழுத்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். தமிழ்நாட்டில் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017இல் வந்தது, 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் பற்றித் தனியாக வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அதனால் பத்து மாதம் கேட்பவரிடம் நீங்கள் கையெழுத்துப் போடாத வரை எந்தக் கட்டாயமும் இல்லை.

11 மாதம் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம், ஒரு வருஷத்துக்கு மேல் போகிற குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பதுதான். மூன்று மாதத்துக்கு எழுதக் கூடாது என்று எங்கும் இல்லை. சிலர் ஒத்திக்கு எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவைத்தால் வாடகையே வேண்டாம் என்று பேசுவார்கள். குறைந்த காலத்துக்கு ஒத்தி வேண்டவே வேண்டாம், காலி செய்கிற அன்று அவ்வளவு பெரிய தொகையைக் கையில் வாங்குவது பெரும்பாடு. சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் யாராவது வந்து உங்களோடு தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்கு உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும், அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பள்ளத்தூர் மகள்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பூட்டிய பிளாட் என்கிற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கோயிலைச் சேர்ந்த ஆச்சி ஒருவரிடம் இப்போதுதான் பேசினேன், அவர் மகனுடைய பிளாட் ஒன்று சும்மா இருப்பதாகச் சொன்னார், கேட்டுச் சொல்கிறாராம்.

கல்லுக்கட்டி வளவு வீடு பற்றி யாரும் சொல்லவில்லையே. அம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, நம் வீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கும் என்கிறார்.

கல்லுக்கட்டி மருமகள்:

நான் அப்படி ஒரு வீட்டில்தான் வாழ்கிறேன், இந்த வீடுகள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். இருந்தாலும் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முகப்பில் ஏறவே உயரமான படிகள், பல வீடுகளில் கைப்பிடி கிடையாது. உள்ளே போனால் ஒவ்வொரு நிலையிலும் வாசக்கட்டை உயர்ந்து நிற்கும், காலைத் தூக்கி வைத்துத்தான் தாண்ட வேண்டும். சொந்த வீட்டில் உங்கள் அம்மாவுக்கு எந்த நிலைப்படி எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் கால் அறியும், வேறு வீட்டில் அப்படி இல்லை. கழிவறை பெரும்பாலும் கடைசிக் கட்டை, அதாவது வீட்டின் கடைசிப் பகுதியை, தாண்டிப் பின்பக்கம். ராத்திரி எழுந்தால் வளவைச் சுற்றி நடந்து, இரண்டாங்கட்டைக் கடந்து போக வேண்டும். மழை பெய்தால் வளவின் ஓரமெல்லாம் சாரல் அடிக்கும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரமானால் எண்ணெய் கொட்டின மாதிரி வழுக்கும். என் மாமியார் அப்படித்தான் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது, சொந்த வீட்டில், பட்டப்பகலில்.

அடுத்தது உரிமை. அந்த இரண்டு அறையை விடுகிறவர் ஒரு புள்ளிக்காரராக இருப்பார். அவர் அறை அவருடையது, சரி, ஆனால் முகப்பு, வளவு, கிணறு, பின்வாசல் எல்லாம் பொது. மற்றப் பங்காளிகளைக் கேட்காமல் ஆளைக் குடிவைத்தால் ஆவணிக் கல்யாணத்துக்கு வருகிற இன்னொரு புள்ளி, யாரைக் கேட்டு விட்டாய் என்று சண்டைக்கு நிற்பார். அந்தச் சண்டை நடுவில் உங்கள் அம்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா? பங்குக்காரர்கள் எல்லோரும் சம்மதித்து எழுதித் தந்தால் வேறு விஷயம். மூன்று மாத வாடகைக்காக யாரும் அப்படி எழுதித் தர மாட்டார்கள்.

அம்மாவிடம் பிளாட் என்று சொல்லாதீர்கள், முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பால்கனியில் வெயில் வருகிறதா, எதிரில் யாராவது பேச்சுத்துணைக்கு இருக்கிறார்களா என்று பாருங்கள். வளவில் நாலு பேரோடு உட்கார்ந்து பழகியவர்களுக்குக் கதவை மூடிக்கொள்கிற அடுக்குமாடிதான் பெரிய கஷ்டம், முழங்கால் வலியைவிட.

அரியக்குடி ரயில்:

கோட்டையூரில் ஏன் பார்க்கக் கூடாது? பள்ளத்தூர் பக்கம், வேலை நடக்கிற இடத்துக்கு அடிக்கடி போய்வரலாம், வாடகையும் குறைவு.

செக்காலைக்காரர்:

வேலையைப் பார்க்க மட்டும் என்றால் கோட்டையூர்தான் நல்லது. ஆனால் அந்தப் பெண் கேட்டது மூச்சிரைப்பு உள்ள அம்மாவுக்கு. நடுராத்திரியில் நெபுலைசர் வைக்க வேண்டி வந்தால் காரைக்குடிக்குத்தான் ஓடி வர வேண்டும். பகலில் பள்ளத்தூர் போய்வருவது ஒன்றும் தூரமில்லை, ஒரு ஆட்டோக்காரரையோ காரையோ வாரத்துக்கு இத்தனை தடவை என்று மாதக் கணக்கில் பேசிவிட்டால் போதும்.

தங்கச்சி, வீடு பார்க்கும்போது தண்ணீரை மறந்துவிடாதீர்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர் இது, ஆனால் எல்லா வீட்டு போர் தண்ணீரும் அப்படி இருக்காது. குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, கீழே தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். போர் தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்து வாயில் வைத்துப் பாருங்கள். குளியலறைக் குழாயிலும் பக்கெட்டிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் அம்மா தலைக்கு ஊற்றிய அன்றே முகம் சுளிப்பார்.

பள்ளத்தூர் மகள்:

ஆச்சி மகன் சம்மதித்துவிட்டார்! சுப்பிரமணியபுரம், முதல் மாடி, லிப்ட் இருக்கிறது, மின்சாரம் போனால் லிப்டுக்கு ஜெனரேட்டரும் உண்டாம். கட்டில், பிரிட்ஜ், அடுப்பு உள்ளேயே இருக்கிறது. மாதம் 11,000, மூன்று மாதமும் முன்கூட்டி, அட்வான்ஸ் ஒரு மாதம். கார்த்திகை வரை தங்களுக்குத் தேவைப்படாது, நாலாவது மாதமும் இருக்கலாம் என்று எழுதித் தருகிறார். சனிக்கிழமை அம்மாவோடு போய்ப் பார்க்கிறோம். எதிர் வீட்டில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறாராம், கல்லுக்கட்டி அக்கா சொன்னதற்காகவே கேட்டேன்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். அடுப்பு இருக்கிறது, சிலிண்டர் இல்லை. மூன்று மாதத்துக்கு என்ன செய்வது? கரண்ட் பில்லை எப்படிப் பிரித்துக்கொள்வது?

சுப்பிரமணியபுரம் வீட்டுக்கார அம்மா:

மிகவும் சந்தோஷம். கேஸுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் வாங்கிக்கொள்ளுங்கள், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை போதும். இரண்டு பேருக்கு ஒன்று வாங்கினால் நடுவில் தீர்ந்துபோய்த் திண்டாடுவீர்கள், அதனால் இரண்டாக வாங்குங்கள். முடிந்தால் ஒரு இண்டக்ஷன் அடுப்பும் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு ராத்திரி வெந்நீர் போட அதுதான் வசதி.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் போகிற நாளும் கணக்கு எடுக்கிற நாளும் ஒன்றாக இருக்காது. சாவி வாங்குகிற அன்று மீட்டரைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், காலி செய்கிற அன்றும் அப்படியே. முதல் 100 யூனிட் இலவசம், பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும், அதனால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று பேசாமல் வருகிற பில்லில் உங்கள் நாட்களுக்கு உரியதைக் கட்டுவதாகப் பேசுங்கள். வீட்டில் இருக்கிற சாமான்களையும் ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்து அன்றே அனுப்பிவிடுங்கள், சொந்தக்காரர் வீடு என்று கூச்சப்படாதீர்கள். எங்கள் வீடு மூன்றாவது வீதியில்தான், பால் காய்ச்சுகிற அன்று சொல்லுங்கள், வருகிறேன்.